வான்காவுக்கு ஒரே ஒரு நாள்: ஒளிக்கூடமா, அருங்காட்சியகமா, அந்தக் காலி அறையா?

என் சித்தி மகள் ஜூலையில் குடும்பத்தோடு பாரிஸ் வருகிறாள். ஆறே நாள். ஈஃபில் கோபுரம், டிஸ்னிலாந்து, லா ஷாப்பெலில் சொந்தக்காரர் வீட்டு விருந்து, ஊருக்கு வாங்கிப்போக வேண்டியவை என்று கணக்குப் போட்டால் ஒரு நாள்தான் மிஞ்சுகிறது. அந்த ஒரு நாளை ஓவியர் வின்சென்ட் வான்காவுக்கு என்று எழுதி வைத்துவிட்டாள். கூட வருகிறவர்கள் ஏழு வயதுப் பையன், ஓவியம் என்றாலே கொட்டாவி விடும் மாப்பிள்ளை, முட்டி வலியோடு சித்தி. "அக்கா, படத்தைப் பாத்து போட்டோ எடுத்துட்டு வர்றதுக்கு இல்ல. அந்த மனுஷன் உள்ளுக்குள்ள என்ன பாடு பட்டார்னு கொஞ்சமாவது புரியணும். எங்க போறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தாள். பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது.

அவள் முன்னால் இருப்பவை நான்கு. பாரிஸுக்குள்ளேயே இருக்கும் ஒளிக்கூடம், அதாவது எல்லாரும் இம்மர்சிவ் ஷோ என்கிறார்களே அது. அப்புறம் ஓர்சே அருங்காட்சியகம். ரயிலேறினால் ஆம்ஸ்டர்டாமில் வான்கா அருங்காட்சியகம். கடைசியாக ஓவேர்-சூர்-வாஸ், அவர் கடைசி எழுபது நாள் வாழ்ந்து இறந்த ஊர். தெற்கே சான் ரெமியில் அவர் ஒரு வருடம் இருந்த மனநல விடுதியும் இருக்கிறது, அங்கே ஓர் அறையை அந்தக் காலம் போலவே அமைத்து வைத்திருக்கிறார்கள், நல்ல இடம்தான், ஆனால் அவிஞ்ஞோன் வரை அதிவேக ரயில், அங்கிருந்து பேருந்து என்று போய் ஒரே நாளில் திரும்புவது ஏழு வயதுப் பையனுக்குச் செய்கிற அநியாயம். அதை விட்டுவிடலாம்.

முதலில் ஒளிக்கூடம், ஏனென்றால் எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். பாரிஸில் இதற்குப் பேர்போன இடம் பதினோராம் வட்டாரத்தில் இருக்கும் அத்தலியே தே லுமியேர். 1835-இல் தொடங்கிய இரும்பு வார்ப்படச் சாலை அது. 2018-இல் ஒளிக்கூடமாகத் திறந்தார்கள். நூற்று நாற்பது அளவில் புரொஜெக்டர்கள், பத்து மீட்டர் உயரச் சுவர்கள், தரையிலும் படம் ஓடும், இசை நாலு பக்கமும். முதல் வருடம் கிளிம்ட் என்ற ஓவியர், 2019-இல் வான்கா. இங்கேயே ஒரு எச்சரிக்கை சொல்லிவிட வேண்டும்: நிகழ்ச்சி மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் வருகிற மாதத்தில் வான்காதான் ஓடுகிறாரா என்று பார்க்காமல் சீட்டு வாங்கினால் வேறு யாரையோ பார்த்துவிட்டு வருவீர்கள்.

எனக்கு இந்தக் கூடங்கள் மீது கோபம் கிடையாது. அருங்காட்சியகத்துக்குள் நுழையவே கூச்சப்படுகிறவர்கள், "நமக்கு இதெல்லாம் புரியாதுப்பா" என்று வாசலில் நின்றுவிடுகிறவர்கள், அங்கே கூச்சமில்லாமல் தரையில் உட்கார்ந்து பார்க்கிறார்கள். குழந்தைகள் ஓடுகிற நட்சத்திரத்தைத் துரத்துகின்றன. யாரும் சத்தம் போடாதே என்று அதட்டுவதில்லை. மாப்பிள்ளைக்குக்கூடப் பிடிக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

ஆனால் அவள் கேட்டது வேறு. அந்த மனுஷன் என்ன பாடு பட்டார் என்பது அங்கே புரியுமா? புரிந்ததுபோல் இருக்கும். சோகம் வரவேண்டிய இடத்தில் செல்லோ வாசிக்கும், சுவர் கறுக்கும், காகங்கள் பறக்கும், நமக்கும் தொண்டை அடைக்கும். வெளியே வந்து காபி குடிக்கும்போது யோசித்தால், அடைத்தது இசையால் என்று தெரியும். என்ன உணர வேண்டும் என்று முன்கூட்டியே முடிவு செய்து, அதை நமக்கு ஊட்டிவிடுகிறார்கள். போதாக்குறைக்கு ஓவியம் மொத்தமும் வெளிச்சமாகிவிடுகிறது. வான்கா சாயத்தைத் தடிமனாக அப்பியவர், சில படங்களில் தூரிகை போன தடத்தில் மேடு பள்ளம் விரலால் தடவிப் பார்க்கலாம்போல் இருக்கும். புரொஜெக்டரில் அந்த மேடு பள்ளம் போய்விடும். அவர் நிதானித்தாரா, அவசரப்பட்டாரா என்பது அந்தத் தடத்தில்தான் இருந்தது.

வான்கா ஷோக்கள் ஏன் இத்தனை என்று யோசித்திருக்கிறீர்களா? அவர் 1890-இல் இறந்தவர், அவர் ஓவியங்களுக்குப் பதிப்புரிமை எப்போதோ முடிந்துவிட்டது, யார் வேண்டுமானாலும் படத்தை எடுத்துச் சுவரில் ஓட்டலாம். மூலப் படம் வேண்டாம், அதற்குக் காப்பீடு வேண்டாம், காவல் வேண்டாம். 2011-இல் சிங்கப்பூரில் இப்படி ஒன்று தொடங்கி ஊர் ஊராகப் போனது. 2021-இல் அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரே பெயரில் போட்டி நிறுவனங்கள் கடை விரித்து, எதற்குச் சீட்டு வாங்கினோம் என்றே தெரியாமல் ஜனங்கள் குழம்பினார்கள். அதில் பெரிய நிறுவனங்களில் ஒன்று 2023-இல் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. அதே 2023 தொடக்கத்தில் மும்பையிலும் ஒன்று நடந்தது. எல்லாம் ஒரே தரமில்லை. நான் ஒரு ஊரில் (பெயர் வேண்டாம்) போன ஷோவில் படம் ஓடியது இருபது நிமிடம், குடையும் குவளையும் விற்கிற கடையைக் கடந்து வெளியே வர அதைவிட அதிக நேரமானது.

இந்த ஷோக்களின் முடிவில்தான் எனக்கு உண்மையான மனத்தாங்கல். பெரும்பாலான ஷோக்கள் கோதுமை வயலும் காகங்களும் படத்தில் போய் முடிகின்றன: கறுத்த வானம், எங்கும் போய்ச் சேராத பாதை, காகங்கள், பிறகு இருட்டு. இதுதான் அவருடைய கடைசிப் படம், மரணத்தை முன்கூட்டியே வரைந்துவிட்டார் என்று ஒரு கதை. அது கடைசிப் படம் இல்லை. ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகமே கடைசிப் படம் என்று சொல்வது மரவேர்கள் படத்தை. நீலமும் பச்சையும் மஞ்சளுமாக, ஒரு மேட்டில் பின்னிக்கிடக்கும் வேர்கள், முழுதாக முடிக்கவில்லை. தம்பி தியோவின் மைத்துனர் அந்தக் கடைசிக் காலையில் வரைந்த படத்தைப் பற்றி எழுதியபோது, வெயிலும் உயிரும் நிரம்பியது என்றுதான் எழுதினார்.

காக வயல் போன்ற பெரிய வயல் படங்களைப் பற்றி வான்காவே 1890 ஜூலையில் தியோவுக்கும் அவர் மனைவி யோஹன்னாவுக்கும் ஒரு கடிதம் எழுதினார். கலங்கிய வானத்துக்குக் கீழே சோகத்தையும் கடும் தனிமையையும் காட்ட முயன்றதாக அதில் சொல்கிறார். ஷோக்கள் இந்த வரியைச் சுவரில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கின்றன. அதே கடிதத்தில், அடுத்த மூச்சிலேயே, நாட்டுப்புறத்தில் உடலுக்கும் மனதுக்கும் தெம்பு தருவதாகத் தான் காண்பதையும் இந்தப் படங்கள் உங்களுக்குச் சொல்லும் என்று நம்புவதாக எழுதுகிறார். சோகமும் தெம்பும் ஒரே படத்தில். அதோடு அந்த நேரத்தில் தியோவுக்கு வேலையில் முதலாளிகளோடு தகராறு, வேலையை விடலாமா என்ற யோசனை, கைக்குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. மாதாமாதம் தம்பி அனுப்பும் பணத்தில் வாழ்கிற அண்ணனுக்கு இது எப்படி இருந்திருக்கும்? இது எதுவும் செல்லோவில் வராது. ஒரு குடும்பத்தில் கடன்பட்டவனாக உட்கார்ந்திருப்பதன் சங்கடம் நம்ம ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும், அவர்களுக்கு இந்தக் கடிதங்கள் சட்டென்று புரியும்.

கடிதங்கள் என்றால் ஆம்ஸ்டர்டாம். வான்கா எழுதியவற்றில் 820 கடிதங்கள் மிஞ்சியிருக்கின்றன, 650-க்கும் மேல் தியோவுக்கு எழுதியவை. தியோ பத்திரப்படுத்தினார், வின்சென்ட் பத்திரப்படுத்தவில்லை, அதனால் தம்பி எழுதியதில் நாற்பது அளவில்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது. தொலைபேசியில் ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்கிற மாதிரி. மூலக் கடிதங்களில் பெரும்பகுதியும், இருநூறுக்கு மேற்பட்ட ஓவியங்களும் அந்த அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வெளிச்சம் பட்டால் தாளும் மையும் கெடும் என்பதால் கடிதங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வைப்பார்கள்.

வரிசையாக ஒரு வாழ்க்கையைப் பார்க்க அதைவிட நல்ல இடம் இல்லை. 1885-இன் உருளைக்கிழங்கு உண்பவர்கள் இருட்டிலிருந்து தொடங்கி, பாரிஸ் வந்து வண்ணம் வெளுத்து, தெற்கே ஆர்ல் ஊரில் மஞ்சள் பொங்கி, கடைசி வேர்கள் வரை நடந்துபோகலாம். அங்கே என்னை நிறுத்தியது சூரியகாந்தி இல்லை, பாதாம் பூக்கள். 1890 ஜனவரி 31-இல் தியோவுக்கு மகன் பிறந்தான், பெரியப்பா பெயரையே வைத்தார்கள், வின்சென்ட் வில்லெம். மனநல விடுதியில் இருந்த பெரியப்பா குழந்தைக்காக நீல வானத்தில் பாதாம் கிளை வரைந்து அனுப்பினார். அந்தக் குழந்தைதான் வளர்ந்து, பெரியப்பாவின் படங்கள் சிதறிப் போகாமல் அறக்கட்டளை அமைத்து, 1973-இல் இந்த அருங்காட்சியகம் திறக்கக் காரணமானவர். இதைத் தெரிந்துகொண்டு அந்தப் படத்தின் முன்னால் நின்றால் எந்த இசையும் வேண்டியதில்லை.

சரி, குறை? தூரம். பாரிஸ் கார் து நோர் நிலையத்திலிருந்து வேகமான ரயிலில் மூன்றே கால், மூன்றரை மணி நேரம், திரும்பவும் அதே. முன்பதிவு செய்யாவிட்டால் ரயில் கட்டணம் கையைக் கடிக்கும். அருங்காட்சியகச் சீட்டையும் நேரம் குறித்து இணையத்திலேயே வாங்க வேண்டும், வாசலில் போய் நின்று பயனில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழே இலவசம். ஒரு இரவு தங்க முடிந்தால் யோசிக்காமல் போகலாம், காலையில் போய் இரவு திரும்புவது என்றால் சித்தியின் முட்டி என்னை மன்னிக்காது.

ஓர்சே பாரிஸுக்குள்ளேயே, சேன் ஆற்றங்கரையில், பழைய ரயில் நிலையம், மின்தூக்கி உண்டு. அங்கே வான்கா படங்கள் ஆம்ஸ்டர்டாம் அளவு இல்லை, ஆனால் இருப்பவை கனமானவை: ரோன் ஆற்றின் மேல் நட்சத்திர இரவு, 1889 செப்டம்பரின் தன்னுருவப் படம், ஓவேரில் அவரைக் கவனித்துக்கொண்ட டாக்டர் கஷே, ஓவேர் தேவாலயம், ஆர்லில் தான் இருந்த படுக்கையறையை வரைந்த படத்தின் மூன்றாவது பிரதி. (சுழலும் நட்சத்திர இரவு நியூயார்க்கில் இருக்கிறது. அதைத் தேடி ஓர்சேயில் சுற்றி ஏமாறுகிறவர்கள் தினமும் உண்டு.)

அந்தப் படுக்கையறைப் படம் சிறியது, 57-க்கு 74 சென்டிமீட்டர்தான். முதல் பிரதியை 1888-இல் வரைந்தபோது, ஓவிய நண்பர் கோகன் வரப்போகிறார், சேர்ந்து இருக்கலாம் என்ற கனவில் இருந்தார். வண்ணமே ஓய்வைச் சொல்ல வேண்டும் என்று எழுதினார். இரண்டே மாதத்தில் அந்தக் கனவு எப்படி முடிந்தது என்பது, தன் காதைத் தானே அறுத்துக்கொண்ட விஷயம், எல்லாருக்கும் தெரியும். இந்த மூன்றாவது சிறிய பிரதியை அடுத்த வருடம் மனநல விடுதியிலிருந்து, அம்மாவுக்கும் தங்கைக்கும் அனுப்புவதற்காக வரைந்தார். எனக்கு வீடு என்று ஒன்று இருந்தது, இப்படி இருந்தது என்று அம்மாவுக்குக் காட்டுகிற மாதிரி. ஒளிக்கூடத்தில் இதே அறையைப் பத்து மீட்டர் உயரத்துக்குப் பெரிதாக்கி நாற்காலியை ஆட்டிவிடுவார்கள். அம்மாவுக்கு அனுப்பிய படம் அந்தச் சின்ன அளவில் இருந்தால்தான் அம்மாவுக்கு அனுப்பிய படமாக இருக்கிறது.

இன்னொன்றையும் ஓர்சேயின் அந்த அறைகள் சொல்லும். பித்துப் பிடித்த நேரத்தில் வெறியோடு வரைந்தார் என்ற கதையை நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்தோம். நடந்தது தலைகீழ். நோய் தாக்கிய நாள்களில் அவரால் வேலையே செய்ய முடியவில்லை; 1889 கோடையில் தாக்கம் வந்தபோது சாயத்தை விழுங்கப் பார்த்ததால் வாரக்கணக்கில் வரையவிடாமல் வைத்திருந்தார்கள். தெளிவாக இருந்த நாள்களில், தெளிவு எத்தனை நாளோ என்ற பயத்தோடு வரைந்தவை இவை.

ஓர்சேயும் ஒருமுறை தொழில்நுட்பத்தில் இறங்கியது. 2023 இலையுதிர் காலத்தில் ஓவேர் கடைசி மாதங்கள் பற்றிய கண்காட்சியோடு, கண்ணில் மாட்டிக்கொண்டு அவருடைய வண்ணத்தட்டுக்குள் நுழைகிற மாதிரி ஒன்றும், அவர் கடிதங்களைப் படித்துப் பழகிய செயற்கை நுண்ணறிவு வின்சென்ட் ஒருவரும் இருந்தார்கள். நாம் கேட்டால் பதில் சொல்லும். ஜனங்கள் அதிகம் கேட்டது, ஏன் உயிரை மாய்த்துக்கொண்டீர்கள் என்று. செத்தவரிடம் கேட்க நினைக்கிற முதல் கேள்வி இதுதான் என்பது புரிகிறது, ஆனாலும் எனக்கு அது ஒப்பவில்லை. பதில் தெரியாமல்தான் தியோ ஆறே மாதத்தில் போய்ச் சேர்ந்தார், திரைக்கு மட்டும் எப்படித் தெரியும்?

இனி ஓவேர். பாரிஸிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவு. 1890 மே 20 அன்று வந்தார், ஜூலை 29 அன்று இறந்தார், எழுபது நாளில் எழுபதுக்கு மேல் ஓவியங்கள். தங்கியது ராவூ என்பவரின் விடுதியில், ஐந்தாம் எண் மாடியறை, சாப்பாடும் சேர்த்து நாளுக்கு மூன்றரை பிராங்க். தற்கொலை செய்துகொண்டவர் இறந்த அறை என்று அதற்குப் பிறகு யாருக்கும் வாடகைக்கு விடவில்லை. 1993 முதல் பார்க்கலாம். சிறு சிறு குழுவாக, ஒடுங்கிய மரப்படிக்கட்டில் ஏற்றிவிடுவார்கள்.

உள்ளே ஒன்றுமே இல்லை. ஏழு சதுர மீட்டர், கூரையில் ஒரு சின்னக் கண்ணாடித் திறப்பு, விரிசல் விட்ட சுவர், ஒரு நாற்காலி. கட்டில் போட்டு, தொப்பி மாட்டி, தூரிகை வைத்து அலங்கரித்திருக்கலாம், செய்யவில்லை. நான் போனபோது எங்கள் குழுவில் ஏழெட்டுப் பேர், ஒருவரும் கைபேசியை எடுக்கவில்லை, எடுத்தால்தான் என்ன படம் பிடிப்பது? ஒரு குழந்தை மட்டும் "எங்கே தூங்குவார்?" என்று அம்மாவிடம் பிரெஞ்சில் கேட்டது. அம்மா மூலையைக் காட்டினாள். அவ்வளவுதான். என் சொந்த ஊரில் பாட்டி இறந்தபின் சாமான் எல்லாம் எடுத்துவிட்ட அறை நினைவுக்கு வந்தது, அதற்கும் வான்காவுக்கும் சம்பந்தமில்லை, ஆனால் வந்தது. ஒளிக்கூடத்தில் எனக்கு என் பாட்டி நினைவு வரவில்லை.

அந்த ஊரிலிருந்து அவர் தியோவுக்கு எழுதிய ஒரு கடிதத்தில், என்றைக்காவது ஒரு நாள் காபிக்கடை ஒன்றில் எனக்கென்று ஒரு கண்காட்சி வைக்க வழி கிடைக்கும் என்று நம்புகிறேன் என்கிறார். அந்த விடுதியை நடத்துகிறவர்கள் அவர் படம் ஒன்றையாவது அந்த அறையில் மாட்ட வேண்டும் என்று பல வருடமாக முயல்கிறார்கள்.

வெளியே வந்தால் ஊரே கண்காட்சிதான். அவர் நின்று வரைந்த இடங்களில் அந்தந்தப் படத்தின் பிரதியைப் பலகையில் வைத்திருக்கிறார்கள். மரவேர் வரைந்த இடம் 2020-இல்தான் தெரியவந்தது, பழைய அஞ்சலட்டை ஒன்றில் இருந்த மேட்டை ஓர் ஆய்வாளர் அடையாளம் கண்டுபிடித்தார். விடுதியிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தூரம்தான். தேவாலயத்தைத் தாண்டி மேடேறினால் இரண்டு பக்கமும் வயல், அப்புறம் இடுகாடு. சுவரோரம் இரண்டு சாதாரணக் கல், ஒரே ஐவி கொடி இரண்டையும் மூடிப் படர்ந்திருக்கிறது. தியோ 1891 ஜனவரியில் நெதர்லாந்தில் இறந்தார். 1914-இல் யோஹன்னாதான் அவரை இங்கே கொண்டுவந்து அண்ணன் பக்கத்தில் வைத்தார். கடிதங்களை முதன்முதலில் புத்தகமாக்கியதும் அதே வருடம், அதே பெண்மணி.

குறைகளையும் சொல்கிறேன். மூலப் படம் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் ஓவேர் ஏமாற்றும். விடுதி குளிர்காலத்தில் மூடிவிடும், மற்ற மாதங்களிலும் எல்லா நாளும் திறப்பதில்லை. மாடிக்கு மின்தூக்கி கிடையாது. மேட்டில் ஏற வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் அந்த அறைக்குள் நின்றால் ஒன்றும் தோன்றாது, மூச்சுதான் முட்டும்.

ஆக, அவளுக்கு நான் சொன்னது இது. வியாழக்கிழமையைத் தேர்ந்தெடு. காலையில் ஓவேர். மத்தியானம் திரும்பி வந்து சித்தியும் பையனும் கொஞ்சம் படுத்து எழட்டும். வியாழனன்று ஓர்சே இரவு ஒன்பதே முக்கால் வரை திறந்திருக்கும், சாயங்காலம் கூட்டம் குறைந்தபிறகு போ. காலையில் கண்ணால் பார்த்த தேவாலயத்தைப் பையனே படத்தில் கண்டுபிடிப்பான், கூரை ஏன் கோணலாக இருக்கிறது என்று கேட்பான், அந்தக் கேள்விக்காகவே போகலாம். வார நாளில் ஓவேருக்கு ரயில் மாற வேண்டும், நேரடி ரயில் கோடைக்கால வாரக்கடைசியில்தான், பரவாயில்லை. சித்தி விடுதிப் படி ஏற வேண்டாம், கீழே உட்கார்ந்திருக்கட்டும், இடுகாட்டுக்கு வேண்டுமானால் வண்டி பிடித்துக்கொள்ளலாம்.

வேறு ஆள் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன். மூன்று சின்னப் பிள்ளைகளோடு, மழை நாளில், இரண்டு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் தாராளமாக ஒளிக்கூடம், அங்கே போய் அழுதால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பிள்ளைகளுக்கும் சீட்டு உண்டு என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வருகிறவர், இரண்டு நாள் இருக்கிறது என்றால் ஆம்ஸ்டர்டாம். விசாவே கிடைக்கவில்லை என்றால், கடிதங்கள் முழுவதும் 2009 முதல் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன, படத்தோடு, குறிப்புகளோடு. 1890 மே முதல் ஜூலை வரை உள்ளவற்றை மட்டும் படித்தால்கூட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பாரிஸ் வருகிறவர்களும் வருவதற்கு முன்னால் அதைத்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி. அந்தக் காலி அறையில் எதை நினைத்துக்கொண்டு நிற்பது என்பதற்கு வேறு யாரும் ஒன்றும் தரமாட்டார்கள்.

அவள் திருப்பிக் கேட்ட ஒரே கேள்வி, "அக்கா, அங்க சாப்பாடு?" என்பது. விடுதியின் கீழே உணவகம் இருக்கிறது, ஆனால் மாப்பிள்ளை சைவம். ரயில் ஏறுகிற கார் து நோருக்குப் பின்னால்தான் லா ஷாப்பெல். நம்ம கடைகளில் ஏதாவது கட்டிக்கொண்டு வாஸ் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று எழுதி அனுப்பினேன். கட்டைவிரல் உயர்த்திய பொம்மை ஒன்று வந்தது, கூடவே "தண்ணி பாட்டில் அங்க வாங்கலாமா?" என்றும்.